கை கால்களில் குண்டடி: அந்தக் காலத்து அறுவை சிகிச்சை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையிலோ காலிலோதானே குண்டு பட்டது, அதற்கு ஏன் ஆள் சாக வேண்டும்?

இந்தக் கேள்வியில் ஆரம்பித்தால்தான் மற்றதெல்லாம் புரியும். நெஞ்சிலோ வயிற்றிலோ குண்டு பட்டவர்கள் பெரும்பாலும் போர்க்களத்திலேயே போய்விடுவார்கள். மருத்துவரின் கூடாரம் வரை உயிரோடு வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கை கால்களில் அடிபட்டவர்கள்தான்; அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிகிச்சைக்கு வந்த காயங்களில் சுமார் 70 சதவீதம் அப்படிப்பட்டவை.

இவர்களை முதலில் கொன்றது ரத்தப்போக்கு. தொடையின் பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களில் கதை முடிந்துவிடும். அதைத் தாண்டியவர்களைக் கொன்றது அழுகல். குண்டு தனியாக உள்ளே போவதில்லை, கால்சட்டைத் துணி, தோல் வார், சேறு என்று வழியில் உள்ளதையெல்லாம் இழுத்துக்கொண்டு போகும், போகிற வழியில் சதையையும் நசுக்கிச் சாகடித்துவிடும். ரத்தம் ஓடாத செத்த சதைக்குள் அழுக்குத் துணி கிடந்தால் கிருமிகள் பெருக வேறென்ன வேண்டும்? இதோடு எலும்பும் உடைந்திருந்தால், மாட்டுவண்டியிலோ குதிரை வண்டியிலோ மைல் கணக்கில் குலுங்கிக்கொண்டே போகும்போது அந்த முனைகள் உள்ளே உள்ள மிச்சச் சதையையும் ரத்தக் குழாய்களையும் கிழித்துக்கொண்டே வரும்.

செத்த சதையை வெட்டி எடுத்துவிடு, காயத்தைத் தைக்காமல் திறந்தே வை, எலும்பை அசையாமல் வை. செய்ய வேண்டியது இவ்வளவுதான். இதை ஒரு தலைமுறை கண்டுபிடிப்பதும் அடுத்த தலைமுறை மறப்பதுமாகவே 400 ஆண்டுகள் போயின. இந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு மிகவும் வேதனையாக இருப்பது இதுதான்.

காயத்தில் கொதிக்கும் எண்ணெய் ஊற்றினார்கள் என்கிறார்களே, நிஜமா?

நிஜம். வெடிமருந்தில் விஷம் இருக்கிறது, அது குண்டோடு உடம்புக்குள் போகிறது என்று அப்போது நம்பினார்கள். போப் இரண்டாம் ஜூலியஸின் மருத்துவரான ஜியோவன்னி தா வீகோ என்பவரின் புத்தகம் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பா முழுக்கப் படிக்கப்பட்டது. விஷத்தை முறிக்கக் காயத்தைச் சுட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார். எல்டர் என்ற செடியின் எண்ணெயில் கொஞ்சம் விஷமுறிவு மருந்து கலந்து கொதிக்க வைத்து, காயத்துக்குள் ஊற்றுவார்கள்.

அதை மாற்றியவர் அம்ப்ருவாஸ் பரே. பிரான்சில் நாவிதத் தொழிலோடு அறுவை வேலையும் கற்றுக்கொண்டு வந்தவர், லத்தீன் படித்த டாக்டர் கிடையாது. (நம் ஊர்களிலும் ஒரு காலத்தில் ரண வைத்தியம் பார்த்தவர்கள் நாவிதர்கள்தான்.) 1537 வாக்கில், டூரினை நோக்கிப் போன பிரெஞ்சுப் படையில் அவருக்கு முதல் போர் அனுபவம். காயம்பட்டவர்கள் நிறையப் பேர், எண்ணெய் தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் முட்டையின் மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் மூன்றையும் குழைத்து மிச்சம் இருந்தவர்களுக்குத் தடவிக் கட்டினார். அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை, எண்ணெய் ஊற்றாதவர்கள் எல்லாம் விஷமேறிச் செத்துக் கிடப்பார்கள் என்ற பயம். விடியுமுன் எழுந்து போய்ப் பார்த்தால் அவர்கள்தான் வலி அதிகமில்லாமல் தூங்கி எழுந்திருந்தார்கள். எண்ணெய் ஊற்றப்பட்டவர்கள் காய்ச்சலும் வீக்கமுமாகத் துடித்துக்கொண்டிருந்தார்கள்.

இதை அவர் 1545இல் பிரெஞ்சு மொழியிலேயே புத்தகமாகப் போட்டார். லத்தீன் தெரியாத படை மருத்துவர்களும் படிக்க முடிந்தது. கண்ணால் பார்த்ததை நம்பி, படித்ததைக் கைவிட்டார் பாருங்கள், அதுதான் எனக்கு அவரிடம் பிடித்தது.

ரத்தத்தை எப்படி நிறுத்தினார்கள்?

பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டு. 1552இல் தாம்வில்லேர் முற்றுகையின்போது பரே ஒருவரின் காலை எடுக்கையில் சூடு வைக்காமல், ரத்தக் குழாய்களைப் பிடித்து நூலால் கட்டினார். குழாயைக் கட்டுவது பழங்காலத்திலேயே தெரிந்த உத்திதான், ஆனால் உறுப்பை எடுக்கும்போது அதைத் துணிந்து செய்தது புதுசு. உடனே எல்லோரும் இதைப் பின்பற்றினார்களா என்றால் இல்லை, அதற்கு ஒரு நியாயமான காரணமும் உண்டு: ரத்தம் பீறிட்டுக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு குழாயாகத் தேடிக் கட்ட முடியாது, அதுவரை ரத்தத்தை யாராவது நிறுத்திப் பிடிக்க வேண்டும். 1674இல் பெசான்சோன் முற்றுகையில் மோரல் என்ற மருத்துவர் துணிக் கட்டுக்குள் ஒரு குச்சியைச் செருகி முறுக்கி இறுக்கினார். 1718இல் ழான் லூயி பெட்டி அதைத் திருகு வைத்த கருவியாக்கினார். அதற்கு அப்புறம்தான் நூல் கட்டுவது நிதானமாகச் செய்யக்கூடிய வேலையானது.

தோட்டாவை வெளியே எடுப்பதுதானே முக்கியம்?

சினிமாவில் அப்படித்தான் காட்டுகிறார்கள். உண்மையில் தோட்டாவைத் தேடிப் போனதாலேயே கெட்டுப்போன காயங்கள் ஏராளம், கழுவாத விரலையும் சலாகையையும் (காயத்தைத் துழாவிப் பார்க்கும் கம்பி) உள்ளே விட்டுத் துழாவினார்கள். ஜான் ஹன்டர் 1761இல் பிரிட்டிஷ் படையோடு பெல் ஈல் தீவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, குண்டுக் காயம் என்றாலே கத்தியை வைத்து அகலப்படுத்துவது தேவையில்லை என்று வாதிட்டார். அவர் இறந்த மறு ஆண்டு, 1794இல் அது புத்தகமாக வந்தது.

எடுத்தே ஆகவேண்டிய தோட்டாக்களும் உண்டு. இத்தாலியை ஒன்றிணைக்கப் போராடிய தளபதி கரிபால்டியின் கதை நல்ல உதாரணம். 1862 ஆகஸ்டில் அஸ்ப்ரோமோன்டேயில் அவருடைய கணுக்காலில் குண்டு பாய்ந்தது. குண்டு உள்ளே இருக்கிறதா இல்லையா என்றே மருத்துவர்களுக்குள் சண்டை; காலை எடுத்துவிடலாம் என்ற பேச்சும் வந்தது. பாரிஸிலிருந்து வந்து பார்த்த நெலாட்டோன் என்ற மருத்துவர், உள்ளேதான் இருக்கிறது என்றார். நுனியில் மெருகு பூசாத பீங்கான் உருண்டை வைத்த ஒரு சலாகையைச் செய்து அனுப்பினார். எலும்பில் உரசினால் அது வெள்ளையாகவே இருக்கும், ஈயத்தில் உரசினால் கறுப்புக் கோடு விழும். கோடு விழுந்தது, நவம்பரில் சனெட்டி என்ற மருத்துவர் குண்டை எடுத்தார், கால் தப்பியது. எக்ஸ்ரே வருவதற்கு 33 ஆண்டு முன்னால் இது. எக்ஸ்ரே வந்தபின் படைகளும் அதை உடனே எடுத்துக்கொண்டன. 1897இல் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் நடந்த தீரா படையெடுப்பிலேயே பிரிட்டிஷ் படை எக்ஸ்ரே கருவியைக் கொண்டுபோயிருந்தது.

உடனே வெட்டுவதா, பொறுத்துப் பார்ப்பதா? எதில் அதிகம் பேர் பிழைத்தார்கள்?

18ஆம் நூற்றாண்டு முழுக்க இதே சண்டைதான். ஃபான்டனுவா போருக்குப் (1745) பிறகு பிரெஞ்சு அறுவை அகாடமி இதையே போட்டிக் கேள்வியாக வைத்தது. பொறுத்திருந்து, காய்ச்சலும் வீக்கமும் தணிந்தபின் வெட்டுவதே நல்லது என்று எழுதிய ஃபோர் என்ற மருத்துவர் பரிசு வாங்கினார். அவர் சொன்னவர்கள் பிழைத்தது உண்மைதான், ஆனால் பொறுத்திருந்த வாரங்களில் செத்துப்போனவர்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

நெப்போலியனின் படை மருத்துவர் டொமினிக் லாரே இதை அடியோடு மறுத்தார். வெட்டத்தான் வேண்டும் என்ற நிலை இருந்தால் முதல் 24 மணி நேரத்துக்குள் வெட்டிவிடு, அடிபட்ட அதிர்ச்சியில் உடம்பு மரத்துப்போயிருக்கும்போதே, அழுகல் ஏறும் முன்னேயே. அதற்கு ஆளைச் சீக்கிரம் கொண்டுவர வேண்டுமே? 1792லேயே அவர் இரண்டு சக்கர, நான்கு சக்கரக் குதிரை வண்டிகளை வைத்து, சண்டை நடக்கும்போதே உள்ளே போய் ஆட்களைத் தூக்கிவரும் ஏற்பாட்டைச் செய்திருந்தார். 1812இல் போரடினோ போரில் ஒரே நாளில் சுமார் 200 பேருக்குக் கை கால்களை எடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். எய்லாவ் போரில் (1807) கடுங்குளிரில் உறைந்த கால்களை வெட்டியபோது வலி குறைவாக இருந்ததையும் கவனித்துக் குறித்தார். பதவியோ நாடோ பார்க்காமல், காயத்தின் கடுமையைப் பார்த்தே வரிசை கட்டினார். லாரேயை வெறும் வேகமான கத்திக்காரராகச் சொல்கிறவர்கள் இதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிரிட்டிஷ் தரப்பில் கத்ரி என்ற படை மருத்துவரும், நெப்போலியன் படைகளோடு ஸ்பெயினில் நடந்த போரின் அனுபவத்திலிருந்து இதே முடிவுக்குத்தான் வந்தார்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஏன் அத்தனை கை கால்களை வெட்டினார்கள்? மருத்துவர்கள் கசாப்புக்காரர்களா?

இல்லை, அப்படிச் சொல்வது அநியாயம்.

முதல் காரணம் தோட்டா. 1840களின் கடைசியில் பிரெஞ்சு அதிகாரி மினியே வடிவமைத்த கூம்பு வடிவ ஈயத் தோட்டா அந்தப் போரில் (1861–65) இரு பக்கமும் பயன்பட்டது. அரை அங்குலத்துக்கு மேல் தடிமன், மெத்தென்ற ஈயம், வேகம் இன்றைய தோட்டாக்களைவிடக் குறைவு. எலும்பில் பட்டதும் தட்டையாகி, மண் ஓட்டைச் சுத்தியால் அடித்தமாதிரி எலும்பைப் பல அங்குல நீளத்துக்குத் தூள் தூளாக்கிவிடும். பழைய உருண்டைக் குண்டு எலும்பை ஒதுக்கிவிட்டுப் போவதுகூட உண்டு, இது போகாது. அப்படிப்பட்ட எலும்பைச் சேர்க்க அன்றைக்கு வழியே கிடையாது.

இரண்டாவது காரணம் கணக்கு. வடக்குப் படையில் மட்டும் சுமார் 30,000 உறுப்பு நீக்கங்கள் பதிவாகியுள்ளன, அதில் இறந்தவர்கள் சுமார் 26 சதவீதம். முதல் இரண்டு நாட்களுக்குள் வெட்டப்பட்டவர்களில் இறந்தவர்கள் சுமார் 24 சதவீதம். அதற்குப் பிறகு, காயம் பழுத்துக் காய்ச்சல் ஏறியிருக்கும் நாட்களில் வெட்டப்பட்டவர்களில் சுமார் 35 சதவீதம். மருத்துவர்கள் இந்த வித்தியாசத்தைக் கண்ணெதிரே பார்த்தார்கள். உடம்பின் நடுப்பகுதிக்கு எவ்வளவு பக்கத்தில் வெட்டுகிறார்களோ அவ்வளவு ஆபத்து: விரல் என்றால் சுமார் 3 சதவீதம் பேர் இறந்தார்கள், மேற்கை என்றால் கால்வாசிப் பேர், தொடை என்றால் பாதிக்கு மேல், இடுப்பு மூட்டு என்றால் ஐந்தில் நான்கு பேருக்கு மேல்.

தவறே இல்லையா? இருந்தது. கிருமி என்ற அறிவே இல்லை. ஒருவரை அறுத்த கத்தியைத் துடைத்துவிட்டு அடுத்தவரை அறுத்தார்கள், ஒரே பஞ்சை ஒரே வாளித் தண்ணீரில் நனைத்து வார்டு முழுக்கக் காயம் கழுவினார்கள். அந்தப் போரில் இளம் மருத்துவராக இருந்த வில்லியம் கீன், பழைய ரத்தமும் சீழும் காய்ந்த கோட்டோடு அறுவை செய்ததைப் பல ஆண்டு கழித்து மிகுந்த வருத்தத்தோடு எழுதினார். நல்ல சீழ் பிடித்தால் காயம் ஆறும் அறிகுறி என்று நம்பிய காலம் அது. இருந்தும் சிலர் தடவித் தடவி வழி கண்டார்கள்: ஆஸ்பத்திரி அழுகல் பரவியபோது மிடில்டன் கோல்ட்ஸ்மித் செத்த சதையை அகற்றி அங்கே புரோமின் என்ற ரசாயனத்தை வைத்தார், சுமார் 300 பேரில் இறந்தவர்கள் 3 சதவீதத்துக்கும் குறைவு.

மயக்க மருந்து இல்லாமல், வாயில் தோட்டாவைக் கடிக்கக் கொடுத்துத்தானே வெட்டினார்கள்?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் இல்லை. ஈதர் 1846இலும் குளோரோஃபார்ம் 1847இலும் வந்துவிட்டன, ரஷ்ய மருத்துவர் பிரகோவ் 1847லேயே தாகெஸ்தானில் சால்டி முற்றுகையில் ஈதர் கொடுத்து அறுவை செய்தார். கிரிமியப் போரில் பிரிட்டிஷ் மருத்துவத் தலைவர் ஜான் ஹால் குளோரோஃபார்முக்கு எதிராக எச்சரித்தும் கீழே இருந்த மருத்துவர்கள் அதைக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் பெரும்பாலான பெரிய அறுவைகளுக்கு மயக்க மருந்து கிடைத்தது, அதிகமும் குளோரோஃபார்ம். அரை மயக்கத்தில் முனகிப் புரள்கிறவரைப் பார்த்தவர்கள் விழித்திருக்கும்போதே வெட்டுகிறார்கள் என்று ஊருக்குக் கடிதம் எழுதியிருக்கலாம். லாரேயின் காலத்து ஆட்களுக்குத்தான் எதுவும் இல்லை.

வெட்டாமல் காப்பாற்ற யாரும் முயலவில்லையா?

முயன்றார்கள். தோள், முழங்கை மூட்டுகளில் உடைந்த எலும்பை மட்டும் எடுத்துவிட்டுக் கையை விட்டுவைக்கும் முறை 1848இல் தொடங்கிய ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் போரில் ஸ்ட்ரோமயர், எஸ்மார்க் என்ற ஜெர்மன் மருத்துவர்கள் கையில் வளர்ந்தது. கை துவண்டு தொங்கினாலும் விரல்கள் வேலை செய்யும். ஆனால் அறுவை நீளமானது, ஆற மாதக்கணக்காகும், ஆயிரம் பேர் வரிசையில் படுத்திருக்கும்போது எத்தனை பேருக்குச் செய்வது?

வெட்டியபின் அவர்கள் கதி?

கதை அங்கே முடிவதில்லை. பிலடெல்பியாவில் வெயர் மிட்செல் என்ற மருத்துவர் நரம்புக் காயம்பட்டவர்களுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். குண்டு பட்டு ஆறிய கையில் நெருப்பாக எரியும் வலியை 1864இல் விவரித்தார், வெட்டி எடுத்த கால் இன்னும் இருப்பதாகவே தோன்றி வலிப்பதையும் பின்னர் எழுதினார். அதுவரை இதைச் சொன்னவர்களைப் பைத்தியம் என்றோ பொய் சொல்கிறார்கள் என்றோ ஒதுக்கிவிடுவார்கள், அதனால் பலர் வெளியே சொல்லவே இல்லை. அவர்கள் பேச்சை உட்கார்ந்து கேட்டு எழுதினாரே, அது பெரிய காரியம். 1861இல் பிலிப்பியில் காலை இழந்த ஜேம்ஸ் ஹேங்கர் என்ற தெற்குப் படை இளைஞர் பீப்பாய்ப் பலகையில் தனக்கே மடங்கும் கால் செய்து, செயற்கைக் கால் கம்பெனியே நடத்தினார்.

லிஸ்டர் கிருமிநாசினி கண்டுபிடித்ததும் பிரச்சினை தீர்ந்துவிட்டதா?

தீரவில்லை. 1867இல் பிரிட்டிஷ் மருத்துவர் லிஸ்டர், கிருமியைக் கொல்லும் கார்பாலிக் அமிலத்தைப் பற்றி எழுதிவிட்டார், ஆனால் 1870–71 பிரான்ஸ்-பிரஷ்யா போரில் பிரெஞ்சுத் தரப்பில் சுமார் 13,000 உறுப்பு நீக்கங்களில் 10,000 பேர் இறந்தார்கள். அமெரிக்காவில் கால்வாசி என்றால் இங்கே முக்கால்வாசி.

அடுத்த தப்பு இன்னும் நயமானது. 1899–1902 போயர் போரில் சின்ன, வேகமான, உறை போட்ட தோட்டாக்கள்; தென்னாப்பிரிக்காவின் காய்ந்த புல்வெளி மண். காயங்கள் சுத்தமாக இருந்தன, மேலே கட்டுப்போட்டு விட்டாலே பல ஆறின. கத்தி வைக்காதே, மூடிக் கட்டு என்று பிரிட்டிஷ் மருத்துவர்கள் பாடம் படித்துக்கொண்டார்கள். 1914இல் முதல் உலகப் போர் வந்தபோது அதே பாடத்தோடு வடபிரான்சுக்கும் பெல்ஜியத்துக்கும் போனார்கள். அங்கே தலைமுறை தலைமுறையாகச் சாணி உரம் போட்ட வயல்மண், சேறு ஊறிய கம்பளி உடை, தோட்டாவைவிட அதிகமாக ஷெல் சிதறல்கள். மூடித் தைத்த காயங்களுக்குள் வாயு அழுகல் நோய் கிளம்பியது, தொட்டால் தோலுக்கடியில் காற்று நொறநொறக்கும், ஓரிரு நாளில் ஆள் போய்விடுவார். ரணஜன்னியும் (டெட்டனஸ்) சேர்ந்துகொண்டது, 1914 கடைசிக்குள் அதற்கான எதிர்ப்புச் சீரத்தை எல்லாக் காயக்காரர்களுக்கும் போட ஆரம்பித்தபின் அது சட்டென்று குறைந்தது.

அப்புறம் எப்படிச் சமாளித்தார்கள்?

முதலில் வீரியமான மருந்தை ஊற்றினால் போதும் என்றுதான் பார்த்தார்கள். பூலோனில் வேலை பார்த்த ஆல்ம்ரோத் ரைட்டும், பின்னாளில் பென்சிலினால் பேர் வாங்கிய அலெக்சாண்டர் ஃபிளெமிங்கும் அது நடக்காது என்று காட்டினார்கள். ஃபிளெமிங் ஒரு கண்ணாடிக் குழாயை உருக்கி முட்கள் முட்களாக இழுத்து, காயத்துக்குள் இருக்கும் சந்துபொந்துகளைப் போலவே செய்தார். கிருமியுள்ள திரவத்தை நிரப்பிக் கொட்டிவிட்டுக் கிருமிநாசினியை ஊற்றினால், முட்களின் நுனியில் கிருமிகள் அப்படியே பிழைத்திருந்தன. மருந்து அங்கே எட்டவே எட்டாது, அதோடு உடம்பின் வெள்ளணுக்களையும் அது சாகடித்தது.

ஆகவே கத்திதான். பெல்ஜிய மருத்துவர் அன்டுவான் டெப்பாஜ், லா பான் கடற்கரை ஆஸ்பத்திரியில், செத்த சதை, துணி, மண் எல்லாவற்றையும் வெட்டி எடுத்து, காயத்தைத் திறந்தே விட்டு, கிருமிகளை மைக்ரோஸ்கோப்பில் எண்ணிப் பார்த்து, குறைந்தபின்தான் தைத்தார். தசையைக் கத்தியால் வெட்டினால் அது சுருங்க வேண்டும், ரத்தம் கசிய வேண்டும், அப்படியிருந்தால்தான் அது உயிருள்ள தசை. காரெல் என்ற மருத்துவரும் டேக்கின் என்ற வேதியியலாளரும் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினியை நீர்க்கச் செய்து ரப்பர் குழாய்கள் வழியாகச் சில மணிக்கொருமுறை விட்டுக் காயத்தை அலசினார்கள். அதுவும் பயன்பட்டது, ஆனால் சரியாக வெட்டிச் சுத்தம் செய்த காயத்தில்தான்.

தொடை எலும்பு முறிவுக்கு?

இதுதான் முதல் உலகப் போரின் மிகக் கொடிய காயம். தொடைத் தசைகள் வலிமையானவை, முறிந்த எலும்பை அவை இழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிவிடும், உள்ளே லிட்டர் கணக்கில் ரத்தம் தேங்கும். எலும்பு வைத்தியக் குடும்பத்தில் பிறந்து லிவர்பூலில் மருத்துவம் பார்த்த ஹியூ ஓவன் தாமஸ், மூட்டு நோய்க்காக ஒரு வளையமும் இரண்டு கம்பிகளும் கொண்ட சட்டத்தை வடிவமைத்திருந்தார். 1891இல் அவர் இறந்தார், சட்டத்தைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அவருடைய உறவினர் ராபர்ட் ஜோன்ஸ் அதைப் போர்முனைக்குக் கொண்டுவந்தார். பதுங்குகுழிக்குப் பக்கத்திலேயே, பூட்சைக்கூடக் கழற்றாமல் மாட்டிக் காலை இழுத்துக் கட்டிவிட வேண்டும். 1917 அராஸ் போரில் இப்படி அனுப்பப்பட்ட ஆயிரத்துச் சொச்சம் பேரில் இறந்தவர்கள் சுமார் 16 சதவீதம். அதற்கு முன் 80 சதவீதம் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள், அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் குறைவு பெரிது என்பதில் சந்தேகமே இல்லை.

மாவுக்கட்டு எப்போது வந்தது?

டச்சு ராணுவ மருத்துவர் மத்தைசன் 1851இல் மாவு தடவிய துணிக்கட்டைக் கொண்டுவந்தார், பிரகோவ் கிரிமியாவில் அதைப் பெரிய அளவில் பயன்படுத்திப் பல கால்களைக் காப்பாற்றினார்.

அதை உச்சிக்குக் கொண்டுபோனவர் பார்சிலோனாவின் ஜுசேப் த்ருவேட்டா. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் சீக்கிரம் அறுவை, செத்த சதையை முழுக்க அகற்றுவது, காயத்தில் துணியை நிரப்பித் திறந்தே வைப்பது, அதன்மேலேயே மாவுக்கட்டு, வாரக்கணக்கில் திறக்காமல் விடுவது. நாற்றம் தாங்க முடியாது, கட்டுக்கு மேல் சீழ் கறையாக ஊறும், இருந்தும் காயம் உள்ளே ஆறிக்கொண்டிருக்கும். 1,073 பேரில் இறந்தவர்கள் 6 பேர். பென்சிலின் கைக்கு வருமுன் இந்த எண்! மாவுக்கட்டை மட்டும் பார்த்துக் காப்பியடித்தவர்கள் உள்ளே சரியாக வெட்டாமல் கட்டிவிட்டு அழுகலைச் சந்தித்தார்கள்.

அறுந்த ரத்தக் குழாயைத் தைக்க முடியாதா?

இரண்டாம் உலகப் போர் வரை அதைக் கட்டிவிடுவதுதான் வழக்கம், அப்படிக் கட்டியதில் ஏறத்தாழ பாதிப் பேர் காலையோ கையையோ இழந்தார்கள். ஆட்கள் அறுவைக்கு வந்துசேரவே பல மணி நேரமாகிவிடும். கொரியப் போரில் ஹெலிகாப்டர் வந்தது, தைக்கவும் ஒட்டு வைக்கவும் பழகிய இளம் மருத்துவர்கள் முன்வரிசை ஆஸ்பத்திரிக்கே வந்தார்கள், உறுப்பு இழப்பு சுமார் 13 சதவீதத்துக்கு இறங்கியது.

இப்போது ஆன்டிபயாட்டிக் இருக்கிறதே, இந்தப் பழைய முறையெல்லாம் எதற்கு?

ரத்தமே ஓடாத சதைக்குள் ஆன்டிபயாட்டிக் எப்படிப் போகும்? ஃபிளெமிங்கின் கண்ணாடி முட்கள் காட்டியது இன்றைக்கும் பொருந்தும். செஞ்சிலுவைச் சங்க அறுவை மருத்துவர்கள் இன்றும் போர்க்காயத்தை வெட்டிச் சுத்தம் செய்து, தைக்காமல், தடித்த பஞ்சுக் கட்டுப்போட்டு அனுப்புகிறார்கள். காய்ச்சலோ நாற்றமோ இல்லாதவரை நடுவில் கட்டைப் பிரித்துப் பார்ப்பதுகூடக் கிடையாது. ஐந்து நாள் போல ஆனபின் அறுவை அறையில் பிரித்து, சதை சிவப்பாக, சுத்தமாக இருந்தால் அப்போதுதான் தையல்.